கைப்பிரதி புத்தகமாகும் வழியில்: புனைவில் எடிட்டரின் வேலை

1957இல் அமெரிக்காவின் ஜே.பி. லிப்பின்காட் பதிப்பகத்துக்கு ஹார்ப்பர் லீ என்ற புதிய எழுத்தாளரின் கைப்பிரதி வந்து சேர்ந்தது. ஜீன் லூயிஸ் என்ற 26 வயதுப் பெண் நியூயார்க்கிலிருந்து அலபாமாவில் இருக்கும் சொந்த ஊருக்கு வருகிறாள். சிறுவயதில் தெய்வமாக நினைத்த அப்பா, கறுப்பர்களுக்குச் சம உரிமை கூடாது என்று பேசுகிறவர்களின் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உடைந்துபோகிறாள். நடுநடுவே அவளுடைய பால்ய நினைவுகள் வந்துபோகின்றன. பிரதியைப் படித்த எடிட்டர் டே ஹோஹாஃபுக்கு எழுத்தில் உயிர் இருப்பது தெரிந்தது. ஆனால் அது முழு நாவலாகத் திரளாமல் சம்பவங்களின் வரிசையாக நிற்பதாகவும் பட்டது. அவரை இழுத்தவை அந்தப் பால்ய நினைவுகள். அந்தச் சிறுமியின் பார்வையிலேயே ஒரு நாவல் எழுதிப்பாருங்கள் என்றார்.

லீ இரண்டு வருடத்துக்கு மேல் திரும்பத் திரும்ப எழுதினார். 1960 ஜூலையில் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ வெளிவந்தது. அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. பழைய கைப்பிரதியும் 2015இல் ‘கோ செட் எ வாட்ச்மேன்’ என்ற பெயரில் தனி நூலாக அச்சாகிவிட்டதால், இரண்டையும் அருகருகே வைத்து யாரும் ஒப்பிடலாம். படர்க்கையில் இருந்த கதை தன்மைக்கு மாறியிருக்கிறது. காலம் சுமார் இருபது ஆண்டு பின்னால் போயிருக்கிறது. பழைய பிரதியில் ஏற்கெனவே செத்துப்போயிருக்கும் அண்ணன் ஜெம், நாவலில் கதை முழுக்க ஓடித்திரிகிறான். எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் வழக்கில் நடந்திருக்கிறது. பழைய பிரதியில், கறுப்பின இளைஞன் மீதான பாலியல் வன்முறை வழக்கு போகிறபோக்கில் சொல்லப்படுகிறது; அவன் விடுதலையும் ஆகிவிடுகிறான். நாவலில் அதே வழக்குதான் கதையின் முதுகெலும்பு. அவன் குற்றவாளி என்று தீர்ப்பாகிறது.

ஹோஹாஃப் காட்டியது திசை. அந்தத் திசையில் நடந்தவர் லீ. தீர்ப்பை மாற்றினால் அப்பாவின் பாத்திரமே வேறு எடை பெறும் என்பதெல்லாம் எழுதி எழுதித்தான் பிடிபடும்.

புனைவில் எடிட்டருக்கு என்ன வேலை என்று புதிதாகக் கேட்கிறவர்கள் இந்தப் பங்கீட்டை முதலில் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. வாசகருக்கு எங்கே தடுக்கிறது, ஏன் தடுக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது எடிட்டரின் பொறுப்பு. அதை எப்படிச் சரிசெய்வது என்பது எழுத்தாளரின் உரிமை. எடிட்டிங்கில் நடக்கும் பெரும்பாலான சண்டைகளும் சேதங்களும் இந்த இரண்டும் கலந்துபோகும்போதுதான் வருகின்றன.

பிழைதிருத்தம் கடைசி வேலை

எடிட்டிங் என்றதும் நம்மில் பலருக்கு ஒற்றுப்பிழை, ர/ற குழப்பம், சிவப்பு மை என்றுதான் தோன்றுகிறது. அது வேலையின் கடைசிப் படி. அதற்கு முன்னால் வேறு படிகள் இருக்கின்றன, அவற்றுக்கு ஒரு வரிசையும் உண்டு.

முதலில் தேர்வு. எதை வெளியிடுவது என்ற முடிவே ஒரு எடிட்டிங்தான். வில்லியம் கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்’ பல பதிப்பகங்கள் திருப்பியனுப்பிய பிரதி. 1953இல் ஃபேபர் நிறுவனத்திலும் அதை முதலில் படித்தவர் தேறாது என்று குறிப்பு எழுதிவிட்டார். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த சார்லஸ் மான்டீத் நிராகரித்த குவியலிலிருந்து அதை எடுத்துப் படித்து, இதில் ஒரு நாவல் இருக்கிறது என்று வாதாடினார். பிறகு தொடக்கத்தில் இருந்த அணு ஆயுதப் போர்ப் பகுதியை எடுத்துவிடச் சொன்னார். இப்போது நாம் படிக்கும் நாவல் சிறுவர்கள் தீவில் இருப்பதிலிருந்தே தொடங்குகிறது. அவர்கள் எப்படி வந்தார்கள் என்பது பேச்சுவாக்கில் தெரிகிறது, அதுவே போதுமானதாகவும் இருக்கிறது. தலைப்பும் அங்கேதான் மாறியது. 1954இல் புத்தகம் வந்தது.

அடுத்தது அமைப்பைப் பார்ப்பது. கதை எங்கே தொடங்க வேண்டும், யார் சொல்ல வேண்டும், எந்தத் தகவல் எப்போது வாசகருக்குத் தெரிய வேண்டும், எந்தப் பாத்திரம் தேவையில்லை, எந்த அத்தியாயம் இடம் மாற வேண்டும் என்பவை இங்கே வரும். மூன்றாவது வரிக்கு வரி பார்ப்பது: நடை, தாளம், மிகைச்சொல், காட்சியின் தெளிவு. நான்காவது பிரதியைச் சீராக்குவது: எழுத்துச் சீர்மை, பெயர், வயது, தேதி, தகவல் சரிபார்ப்பு. பக்கம் வடிவமைத்த பிறகு கடைசியாக மெய்ப்பு, அதாவது அச்சுக்குப் போகுமுன் பக்கங்களில் பிழை பார்ப்பது.

இந்த வரிசை மாறினால் உழைப்பு வீணாகும். 60,000 சொல் உள்ள நாவல் டெம்மி எனப்படும் வழக்கமான புத்தக அளவில் ஏறக்குறைய 250, 300 பக்கம் வரும். வரி பார்க்கும்போது ஒரு மணி நேரத்தில் நாலைந்து பக்கம் நகர்ந்தாலே நல்ல வேகம். அப்படி ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்து முடித்த பிறகு, 3ஆவது அத்தியாயம் முழுக்க வேண்டாம் என்று தெரிந்தால் அந்த அத்தியாயத்தில் போட்ட உழைப்பு போச்சு. அதைவிட மோசம், அழகாகச் செதுக்கிவிட்ட பத்தியை வெட்ட எழுத்தாளருக்கும் மனம் வராது, எடிட்டருக்கும் வராது. தவறான இடத்தில் இருக்கும் நல்ல வாக்கியங்கள் அப்படித்தான் புத்தகத்தில் தங்கிவிடுகின்றன.

தமிழ்ப் பதிப்புச் சூழலில் இன்றைக்கும் அதிகம் நடப்பது இதன் தலைகீழ். கைப்பிரதி நேராக டிடிபிக்கு, அதாவது கணினியில் பக்கம் கோக்கிறவரிடம், போகிறது, மெய்ப்புப் பார்ப்பவர்தான் அதை முழுதாகப் படிக்கும் முதல் ஆள். அவருக்கு ஒரு பாத்திரம் பாதியில் காணாமல் போனது தெரிந்தாலும் சொல்ல இடமில்லை. பக்கம் எண்ணிக் கூலி வாங்குகிறவரிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. நாவல் வெளிவந்து, விமர்சனக் கூட்டத்தில் யாரோ எழுந்து கேட்கும்போதுதான் அந்தக் கேள்வி எழுத்தாளருக்கு முதல்முதலாகப் போய்ச் சேர்கிறது. அப்போது பதில் சொல்லலாம், திருத்த முடியாது.

கேட்ஸ்பிக்கு முகம் வந்த கதை

அமைப்பைப் பார்க்கும் எடிட்டர் தன் வாசிப்பை ஒரு கடிதமாக எழுதுவது வழக்கம். மூன்று பக்கம் இருக்கலாம், பத்துப் பக்கமும் இருக்கலாம். நல்ல கடிதம் எப்படி இருக்கும் என்பதற்கு இன்னமும் சிறந்த உதாரணம், ஸ்கிரிப்னர்ஸ் பதிப்பகத்தின் மாக்ஸ்வெல் பெர்கின்ஸ் 1924 நவம்பரில் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு எழுதியது. ‘தி கிரேட் கேட்ஸ்பி’யின் கைப்பிரதி அப்போதுதான் பிரான்ஸிலிருந்து வந்திருந்தது.

பெர்கின்ஸ் நாவலை மனதாரப் பாராட்டிவிட்டு மூன்று குறைகளைச் சொன்னார். ஒன்று, கேட்ஸ்பி மங்கலாக இருக்கிறான். நாவலின் இன்னொரு பாத்திரமான டாம் புக்கானனைத் தெருவில் பார்த்தால் அடையாளம் கண்டுவிடலாம். நாவலின் நாயகன் மீது மட்டும் வாசகரின் கண் நிலைகொள்ளவில்லை. இரண்டு, அவனுக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று எல்லா வாசகரும் கேட்பார்கள். நேரடியாகச் சொன்னால் கெட்டுவிடும். ஆனால் அங்கங்கே ஒரு சாடை வேண்டும். அவனுக்குப் போன் வருவது ஏற்கெனவே பிரதியில் இருந்தது. விருந்துகளில் மர்மமான சில ஆட்களோடு அவன் ஒதுங்கிப் பேசுவதுபோல் ஓரிரு இடம் வைக்கலாமே என்று கேட்டார். மூன்று, அவனுடைய பூர்வகதை ஒரே இடத்தில் மொத்தமாகக் கொட்டப்படுகிறது. கதை ஓட்டத்திலேயே துளித்துளியாக வெளிப்படலாம்.

இந்தக் கடிதத்தில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு குறையும் வாசகரின் அனுபவமாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்பது. ‘பாத்திரப் படைப்பு பலவீனம்’ என்று பொதுவாக ஒரு தீர்ப்பு சொல்லியிருந்தால் ஃபிட்ஸ்ஜெரால்டால் அதை வைத்து ஒன்றும் செய்திருக்க முடியாது. டாம் தெரிகிறான், கேட்ஸ்பி தெரியவில்லை என்று அதே நாவலுக்குள்ளிருந்து ஒப்பிட்டுக் காட்டியதால், எங்கே கை வைக்க வேண்டும் என்று உடனே புரிந்தது. கேட்ஸ்பி எப்படி இருப்பான், என்ன தொழில் செய்கிறான் என்று தனக்கே சரியாகத் தெரியாமல் இருந்தது என்று ஃபிட்ஸ்ஜெரால்ட் பதில் எழுதினார். அதைத் தெரிந்துகொண்டு, அச்சுக்கோத்து வந்த புரூஃபிலேயே பெரும் பகுதியை மாற்றி எழுதினார். பூர்வகதையின் ஒரு பகுதி 6ஆம் அத்தியாயத்துக்கு முன்னகர்ந்தது. 1925 ஏப்ரலில் நாவல் வெளிவந்தது.

பெர்கின்ஸ் எல்லாரிடமும் இதே மாதிரி வேலை செய்யவில்லை. தாமஸ் வுல்ஃபின் முதல் நாவலில் அவர் உட்கார்ந்து வெட்ட வேண்டியிருந்தது. ‘லுக் ஹோம்வர்ட், ஏஞ்சல்’ 1929இல் வெளிவருவதற்குள் 60,000 சொற்களுக்கு மேல் போய்விட்டன. அடுத்த நாவலின் சமர்ப்பணத்தில் வுல்ஃப் அவருக்கு நெகிழ்ந்து நன்றி சொன்னார். விமர்சகர் பெர்னார்ட் டிவோட்டோ அதையே பிடித்துக்கொண்டு, எடிட்டர் இல்லாமல் இவரால் நாவல் எழுத முடியாது என்ற தொனியில் 1936இல் தாக்கினார். அந்தக் காயமும் ஒரு காரணமாக வுல்ஃப் பதிப்பகத்தை விட்டே போனார். எடிட்டரின் உதவி எவ்வளவு பெரியதோ, அது வெளியே தெரியும்போது எழுத்தாளருக்கு வரும் சங்கடமும் அவ்வளவு பெரியது. பெரும்பாலான எடிட்டர்கள் தங்கள் பங்கைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு நியாயமான காரணம்.

ஒரு பத்தியை எடுத்துப் பார்ப்போம்

வரிக்கு வரி எடிட்டிங் எப்படி நடக்கிறது என்பதை விளக்குவதைவிடச் செய்து காட்டுவது சுலபம். இதற்காகவே எழுதிய ஒரு பத்தி:

‘முருகேசன் மிகவும் கோபமாக இருந்தான். அவன் கோபத்தில் கதவை வேகமாக அடித்துச் சாத்திவிட்டு வெளியே சென்றான். அம்மா மிகுந்த வருத்தத்துடன் அவன் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனதில் ஆயிரம் எண்ணங்கள் ஓடின. தட்டில் அவன் சாப்பிடாமல் வைத்துவிட்டுப் போன சோறு அப்படியே இருந்தது. அதில் அவள் ஊற்றிய ரசம் ஆறிப்போயிருந்தது.’

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. மெய்ப்புப் பார்ப்பவர் தாண்டிப் போய்விடுவார். எடிட்டர் நிற்கும் இடங்கள் வேறு.

கதவை அடித்துச் சாத்துகிறவன் கோபமாகத்தான் இருப்பான். முதல் வாக்கியமும், இரண்டாவதில் வரும் ‘கோபத்தில்’, ‘வேகமாக’ இரண்டும் அதையே மறுபடி சொல்கின்றன. ‘மிகுந்த வருத்தத்துடன்’, ‘ஆயிரம் எண்ணங்கள்’ இரண்டும் யாருடைய கதையிலும் எந்த அம்மாவுக்கும் பொருந்தும். இந்த அம்மாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் இந்த வீட்டுக்குச் சொந்தமானவை. வருத்தம் முழுக்க அந்தத் தட்டில் இருக்கிறது.

இனி தர்க்கம். கதவு சாத்தியாகிவிட்டது, பிறகு அவன் போவதை அம்மா எங்கிருந்து பார்க்கிறாள்? ஜன்னல் வழியாகவா? இல்லை, சாத்திய கதவையா? அவன் இப்போதுதான் எழுந்து போனான், அதற்குள் ரசம் எப்படி ஆறியது? வாக்குவாதம் அரை மணி நேரம் நடந்திருந்தால் ஆறியிருக்கும். அல்லது அவன் போன பிறகு அவள் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தால் ஆறியிருக்கும். இரண்டும் வெவ்வேறு காட்சிகள். எது என்று எடிட்டருக்குத் தெரியாது, எழுத்தாளருக்குத்தான் தெரியும். அதனால் ஓரத்தில் கேள்வியாக எழுத வேண்டும். ‘ரசம் ஆறும் அளவுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எப்போது?’ என்று எழுதினால் எழுத்தாளர் காட்சிக்குள் திரும்பிப் போவார். ‘இதை மாற்றவும்’ என்று எழுதினால் ரசத்தை எடுத்துவிட்டுச் சாம்பார் போடுவார்.

எழுத்தாளர் யோசித்துத் திருப்பி அனுப்பியது இப்படி இருக்கலாம்:

‘முருகேசன் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனான். அம்மா சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டில் சோறு அப்படியே இருந்தது. ஊற்றியிருந்த ரசம் ஆறி, மேலே நெய் உறைய ஆரம்பித்த பிறகுதான் எழுந்தாள்.’

நெய் எடிட்டர் போட்டதல்ல. நேரத்தைக் காட்டச் சொன்ன கேள்விக்கு எழுத்தாளர் கண்டுபிடித்த பதில். பத்தி சுருங்கியதைவிட, அதில் இல்லாத ஒரு பொருள் உள்ளே வந்து சேர்ந்தது முக்கியம். எடிட்டிங் என்றால் வெட்டுவது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பல சமயம் நல்ல கேள்விக்குப் பதிலாகப் பிரதி வளரவும் செய்கிறது.

சீராக்கும்போது பார்க்க வேண்டியவை

இந்தப் படிக்கு ஒரு தாள் வேண்டும். எடிட்டர் படித்துக்கொண்டே போகும்போது ஒவ்வொரு பாத்திரத்தின் பெயர், வயது, உறவு, உடல் அடையாளம், முதலில் வரும் பக்கம் ஆகியவற்றை அதில் குறித்துக்கொள்ள வேண்டும். செல்விக்கு 2ஆம் அத்தியாயத்தில் 9 வயது. மூன்று வருடம் கழிந்ததாகச் சொல்லும் 7ஆம் அத்தியாயத்தில் 11 வயது. தனித்தனியாகப் படித்தால் கண்ணில் படாது, தாளில் அடுத்தடுத்து எழுதும்போது உடனே தெரியும். கதையின் நாட்களையும் இப்படியே வரிசைப்படுத்த வேண்டும். கர்ப்பம், பள்ளி விடுமுறை, அறுவடை, திருவிழா இவை நான்கும்தான் நாவல்களில் அதிகம் இடிக்கும் இடங்கள்.

வரலாற்றுக் காலத்தில் நடக்கும் கதையென்றால் தகவல் சரிபார்ப்பு கூடுதலாகச் சேரும். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 1966இல் ஒரு பாத்திரம் தனுஷ்கோடி ஸ்டேஷனில் ரயிலிலிருந்து இறங்க முடியாது. புதிய காசு முறை வந்தது 1957 ஏப்ரல் 1. 1950இல் நடக்கும் கதையில் கடைக்காரர் ஐம்பது பைசா கேட்டால் தவறு. எட்டணா கேட்க வேண்டும். தமிழ்நாடு என்று மாநிலத்துக்கு அதிகாரபூர்வமாகப் பெயர் மாறியது 1969 ஜனவரியில், ஆனால் மக்கள் பேச்சிலும் மேடையிலும் அந்தப் பெயர் அதற்கு வெகுமுன்பே இருந்தது. அதனால் அரசாங்கக் கடிதத்தில் வந்தால் கேள்வி கேட்க வேண்டும், டீக்கடைப் பேச்சில் வந்தால் விட்டுவிட வேண்டும்.

எழுத்துச் சீர்மைக்கும் அதே தாள்தான். ‘ஏற்கெனவே’யா ‘ஏற்கனவே’யா, ‘கோயிலா’ ‘கோவிலா’ என்று ஒன்றை முடிவுசெய்து எழுதிவைத்துவிட்டால் 300 பக்கத்துக்கும் அதுவே சட்டம். இதற்குக் கைகொடுக்கும் கருவிகள் தமிழில் இருக்கின்றன. 1974இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் 2020இல் மறையும்வரை பிரதியோடு உட்கார்ந்து வேலை செய்வதைப் பதிப்பின் மையமாக வைத்திருந்தவர். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும், மொழி அறக்கட்டளையின் தமிழ் நடைக் கையேடும் எடிட்டரின் மேசையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியவை.

ஆனால் அகராதி கதைசொல்லியின் உரைநடைக்கு. பாத்திரங்களின் பேச்சுக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது. தமிழ்ப் புனைவில் எடிட்டர் செய்யக்கூடிய ஆகப் பெரிய கெடுதல் வட்டார வழக்கைச் சீராக்குவதுதான். திருநெல்வேலிப் பாட்டி ‘அவிய’ என்பாள், ராமநாதபுரத்துக்காரர் ‘அவுக’ என்பார். இரண்டையும் ‘அவங்க’ ஆக்கிவிட்டால் பிரதி சுத்தமாகத் தெரியும், ஊர் காணாமல் போயிருக்கும். அதே பாட்டி 3ஆம் அத்தியாயத்தில் ‘அவிய’ என்றும் 9இல் ‘அவுக’ என்றும் பேசினால்? அது எழுத்தாளரின் கவனப் பிசகாக இருக்கலாம். பாட்டி வேறு ஊரில் வாக்கப்பட்டவள் என்பதாகவும் இருக்கலாம். இங்கேயும் திருத்தம் கிடையாது, கேள்விதான். பாத்திரத்துக்குப் பாத்திரம் தனியாக ஒரு சொற்பட்டியல் வைத்துக்கொண்டால் இந்தக் கேள்விகளைச் சரியான இடத்தில் கேட்கலாம். வட்டாரத்தைச் சேராத எடிட்டர், அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் உரையாடல்களை மட்டும் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்பது இன்னும் நல்லது. செவி பிடிக்கும் பிழையைக் கண் பிடிக்காது.

மெய்ப்பைப் பற்றிச் சுருக்கமாக: பக்க வடிவமைப்புக்காக யூனிகோட் என்ற பொதுக் குறிமுறையிலிருந்து பழைய எழுத்துருக்களுக்கு மாற்றும்போது மேற்கோள்குறி, முப்புள்ளி, ‘ஸ்ரீ’, கொம்பும் காலும் சேரும் எழுத்துகள் இவைதான் முதலில் உடையும். அவற்றைத் தனியாக ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும். சில சமயம் பத்தியின் கடைசி வரியே விழுந்துவிடும், மூலத்தை அருகில் வைத்துக்கொள்ளாமல் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. இந்தக் கட்டத்தில் வாக்கியங்களை மாற்றி எழுத ஆரம்பித்தால் வரிகள் நகரும், பக்கங்கள் நகரும், புதுப் பிழைகள் உள்ளே வரும். ஃபிட்ஸ்ஜெரால்ட் செய்தாரே என்றால், அவருக்காக அந்தச் செலவையும் தாமதத்தையும் பதிப்பகம் ஏற்றுக்கொண்டது.

கோடு தாண்டினால்

கார்டன் லிஷ் திறமையான எடிட்டர். ரேமண்ட் கார்வர் பெயர் தெரியாமல் இருந்த காலத்திலேயே எஸ்குவயர் பத்திரிகையில் அவருடைய கதைகளை வெளியிட்டு வளர்த்தவர். 1980இல் நாஃப் பதிப்பகத்துக்காகக் கார்வரின் 17 கதைகளை எடிட் செய்தபோது, மொத்தப் பிரதியில் பாதிக்கு மேல் வெட்டினார். தலைப்புகளை மாற்றினார், பாத்திரங்களின் பெயர்களை மாற்றினார், முடிவுகளை மாற்றினார். 1980 ஜூலை 8 அன்று கார்வர் புத்தகத்தை நிறுத்தச் சொல்லி மன்றாடி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சில நாளில் இறங்கிவந்தார். 1981இல் தொகுப்பு வந்தது, கார்வருக்குப் பெரும் புகழ் கிடைத்தது. அந்தச் சிக்கன நடை அவருடைய முத்திரையாகப் பேசப்பட்டது.

அதில் ஒரு கதை. பையனின் பிறந்தநாளுக்கு அம்மா கேக் சொல்லியிருக்கிறாள். பிறந்தநாளன்று பையன் மீது கார் மோதி, அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கேக் வாங்க யாரும் வராத கோபத்தில் பேக்கரிக்காரர் வீட்டுக்குப் போன் செய்துகொண்டே இருக்கிறார். லிஷ் எடிட் செய்த வடிவம், போன் ஒலித்து, பையனைப் பற்றித்தான் என்று ஒரு குரல் சொல்வதோடு முடிகிறது. கார்வர் எழுதிய வடிவத்தில் பையன் இறந்துபோகிறான். போன் செய்தது யார் என்று புரிந்துகொண்ட பெற்றோர் நடு இரவில் பேக்கரிக்குப் போகிறார்கள். அந்த ஆள் மன்னிப்புக் கேட்கிறார், அவர்களை உட்காரவைத்துச் சுடச்சுட ரொட்டி கொடுக்கிறார், விடியும்வரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கதையில் மட்டும் முக்கால் பங்குக்கு மேல் வெட்டப்பட்டிருந்தது. கார்வர் தன் நீண்ட வடிவத்தை 1983இல் வந்த அடுத்த தொகுப்பில் சேர்த்தார். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 2009இல், எல்லாக் கதைகளின் மூல வடிவமும் ‘பிகினர்ஸ்’ என்ற பெயரில் வெளிவந்தது.

லிஷ் வடிவம் மோசமான கதை என்று சொல்ல முடியாது. இறுக்கமாக, பயமுறுத்துவதாக இருக்கிறது. ஆனால் அது வேறு கதை. அந்நியர் இருவர் துக்கத்தில் ஒருவருக்கொருவர் ஆறுதலாக முடியும் என்று எழுதியவரின் பக்கத்திலிருந்து அந்த நம்பிக்கையையே எடுத்துவிட்டு, உலகம் காரணமில்லாமல் மிரட்டுவது என்ற இன்னொன்றை வைத்துவிட்டது. ஹோஹாஃபும் லீயின் நாவலைத் தலைகீழாகத்தான் மாற்றவைத்தார். வித்தியாசம், மாற்றி எழுதிய கை லீயினுடையது, அதற்கு அவருக்கு இரண்டு வருடத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. மாற்றத்தின் அளவை வைத்து எடிட்டிங்கை எடைபோட முடியாது. முடிவெடுத்தது யார் என்று கேட்க வேண்டும்.

எழுத்தாளர் பக்கத்திலிருந்து

எடிட்டருக்குக் கொடுப்பதற்கு முன் பிரதியைக் குறைந்தது மூன்று, நான்கு வாரம் எடுத்துப் பார்க்காமல் வைத்துவிட்டு, பிறகு ஒரே மூச்சில் படிக்க வேண்டும். உங்களுக்கே தெரியும் குறைகளைக் கண்டுபிடிக்க எடிட்டரின் நேரத்தைச் செலவழிப்பது இருவருக்கும் நஷ்டம். கூடவே அரைப் பக்கத்தில், இந்த நாவல் எதைப் பற்றியது, எந்த இடத்தில் உங்களுக்கே சந்தேகம் என்று எழுதிக் கொடுங்கள். எடிட்டருக்கு உங்கள் நோக்கம் தெரிந்தால்தான் பிரதி அதிலிருந்து விலகும் இடம் தெரியும்.

கடிதம் வந்ததும் உடனே பதில் எழுதாதீர்கள். இரண்டு நாள் போகட்டும். முதல் நாள் அநியாயமாகத் தெரியும் குறிப்புகளில் பாதி மூன்றாம் நாள் நியாயமாகத் தெரியும். எடிட்டர் சுட்டிய இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும், அவர் சொல்லும் தீர்வு அவ்வளவு சரியாக இருக்காது. அதனால் ‘இந்தக் காட்சியை எடுத்துவிடலாம்’ என்ற குறிப்பைப் படித்தால், அந்தக் காட்சிக்கு முன்னால் என்ன குறைகிறது என்று பாருங்கள். 12ஆம் அத்தியாயத்தில் அழுகை ஒட்டவில்லை என்றால் பழுது 4ஆம் அத்தியாயத்தில் இருக்கக்கூடும். ஏற்காத குறிப்புக்கு ‘வேண்டாம்’ என்று மட்டும் எழுதாமல் ஒரு வரியில் காரணம் எழுதுங்கள். காரணம் எழுத வரவில்லையென்றால் அந்தக் குறிப்பை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

எடிட்டர் வைக்காத பதிப்பகம் என்றால் இரண்டு அல்லது மூன்று வாசகர்களிடம் கொடுக்கலாம். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் பதில் வரும். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், யாரை யாரோடு குழப்பிக்கொண்டீர்கள், எந்த இடத்தில் முடிவை ஊகித்தீர்கள் என்று கேளுங்கள். மூவரும் ஒரே பக்கத்தைச் சொன்னால் அங்கே பழுது இருக்கிறது. மூவரும் மூன்று இடத்தைச் சொன்னால் அவசரப்பட்டு எதையும் தொட வேண்டாம்.

ஒவ்வொரு சுற்றுக்கும் கோப்பைத் தனிப் பெயரில், தேதியோடு சேமித்துவையுங்கள்; பழையதன் மேலேயே எழுதாதீர்கள். எடிட்டரிடமிருந்து வரும் கோப்பில் மாற்றங்கள் தெரியும்படி வைத்து அனுப்பச் சொல்லுங்கள். கார்வரின் தட்டச்சுப் பிரதிகள் பத்திரமாக இருந்ததால்தான், லிஷ் வெட்டிய வரிகளை அவற்றிலிருந்து மீட்டெடுக்க முடிந்தது.